கேள்வி பதில்: லஞ்சம் இல்லாமலும் நீதி விலைபோகுமா?

கேள்வி: நீதிபதி கைநீட்டி லஞ்சம் வாங்கினால்தான் நீதித்துறையில் பணம் விளையாடுகிறது என்று சொல்ல வேண்டுமா?

பதில்: கைநீட்டி வாங்கும் லஞ்சமாவது ஒருநாள் பிடிபடலாம். சட்டம் அனுமதித்த வழியிலேயே நுழையும் பணத்தை எப்படிப் பிடிப்பது? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மாசி என்ற நிலக்கரி நிறுவனம், ஒரு சிறு சுரங்க நிறுவனத்தை நசுக்கியதற்காக 5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2002-இல் ஜூரிகள் முடிவு செய்தனர். அங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதால், மேல்முறையீடு வருவதற்கு முன்பே அந்நிறுவனத்தின் தலைவர் 2004 தேர்தலில் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகச் சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டார். வென்ற நீதிபதியோ வழக்கிலிருந்து விலக மறுத்ததோடு, 3-2 என்ற கணக்கில் இழப்பீட்டை ரத்துசெய்த பெரும்பான்மையிலும் இடம்பெற்றார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது, அதுவும் 5-4 என்ற மயிரிழையில்.

வேடிக்கை என்னவென்றால், அவர் இல்லாத அமர்வும் அதே ஆண்டில் இழப்பீட்டை மறுபடி ரத்துசெய்தது. ஆகவே முதல் தீர்ப்பு பணத்துக்காகவே எழுதப்பட்டது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றவர் அப்படி நம்பினால், அவரிடம் எதைக் காட்டி மறுப்பீர்கள்?

தேர்தலே இல்லாமல் நீதிபதிகள் நியமிக்கப்படும் நாடுகளில் பணம் வேறு வாசலில் நிற்கிறது: வசதி படைத்தவர் ஒத்திவைப்பும் மேல்முறையீடுமாக ஆண்டுகளை வாங்கிக்கொள்ள, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் சமரசத்துக்கு இறங்குகிறது.