பொம்மை வீட்டுக்கு விளக்கும் தரையும்: வன்னி வாசகர்களுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன. தரையை ஒட்டி முடித்த பிறகுதான் பலர் விளக்கைப் பற்றி யோசிக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் அளவுகள் 1:12 விகிதத்துக்கு உரியவை. உண்மை வீட்டின் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம்.

மகளுக்காக ஒட்டுப்பலகையில் மாடி வீடு ஒன்று செய்கிறேன். முதலில் தரையா, வயரா?
– புதுக்குடியிருப்பு

வயர்தான் முதலில். தரையைக் கழற்றி எடுக்கக்கூடியதாகவே செய்யுங்கள்.

கீழறையின் கூரைதான் மேலறையின் தரை. கீழறை விளக்கின் வயரைக் கூரையில் 2 மில்லிமீற்றர் துளையிட்டு மேலே இழுங்கள். மேல் தளப் பலகையில் கத்தியால் ஆழமில்லாத ஒரு காடி வெட்டி, அதற்குள் வயரைப் படுக்கவைத்துப் பின்சுவர் வழியாக வெளியே கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு விளக்கின் வயரும் தனித்தனியே வீட்டின் பின்புறம் வரட்டும். பற்றாசு வைக்கும் (ஈயம் உருக்கி ஒட்டும்) மூட்டு எதுவும் தரைக்கு அடியில் இருக்கக் கூடாது. பழுது என்று ஒன்று வந்தால் அநேகமாக மூட்டில்தான் வரும். அதை வீட்டின் முதுகில் வைத்தால் ஐந்து நிமிட வேலை. தரைக்கு அடியில் வைத்தால் தரையையே பெயர்க்க வேண்டும்.

அடுத்தது தரை. பழைய செய்தித்தாளை அறையின் மூலைகளுக்குள் அழுத்தி மடித்து அளவு எடுங்கள். அந்த அளவில் 1 மில்லிமீற்றர் மட்டை வெட்டி, பலகையோ ஓடோ எதுவானாலும் அந்த மட்டையின் மேல் ஒட்டுங்கள். மட்டையை வீட்டுடன் பசையால் ஒட்டாதீர்கள். நான்கு மூலைகளிலும் சிறு துண்டு இருபக்க ஒட்டுநாடா போதும். மட்டை 1, பலகையாக ஒட்டும் ஐஸ்பழக் குச்சி 2 என்று மொத்தம் 3 மில்லிமீற்றர் உயரும். கதவின் அடியை அந்த அளவுக்கு முன்கூட்டியே சீவிவிடுங்கள். தரை போட்ட பிறகு கதவு திறக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் தவறவிட்டிருக்கிறார்கள்.

தரையை வைப்பதற்கு முன் எல்லா விளக்குகளையும் ஒரு மாலை முழுவதும் எரியவிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் சூரிய மின்தகடும் 12 வோல்ற்று பற்றரியும் உள்ளன. மூன்று வெள்ளை எல்.ஈ.டிகளைத் தொடராக இணைத்து, 150 ஓம் தடையி (மின்னோட்டத்தைக் குறைக்கும் சிறு பாகம்) போட்டேன். இரவில் நன்றாக எரிந்தன. பகலிலும் எரியவிட்டபோது சில நாட்களில் மங்கி அணைந்துவிட்டன. ஏன்?
– நெடுங்கேணி

உங்கள் கணக்கு 12 வோல்ற்றுக்குச் சரி. ஒரு வெள்ளை எல்.ஈ.டி ஏறத்தாழ 3 வோல்ற்று எடுக்கும். மூன்றுக்கு 9. மிச்சம் 3 வோல்ற்றை 150 ஓமால் வகுத்தால் 20 மில்லியம்பியர். சாதாரணச் சிறு எல்.ஈ.டி தாங்கும் மேல்எல்லை அதுதான். ஆனால் வெயிலில் பற்றரி ஏறும்போது அதன் அழுத்தம் 14.4 வோல்ற்று வரை போகும். அப்போது மிச்சம் 5.4 வோல்ற்று, மின்னோட்டம் 36 மில்லியம்பியர். வெந்துபோனதில் வியப்பில்லை.

330 ஓம் போடுங்கள். உச்சி வெயிலில் 16 மில்லியம்பியரும் இரவில் 10 மில்லியம்பியருக்குச் சற்றுக் கூடக்குறையவும் ஓடும். ஒரு சின்ன அறைக்கு 10 மில்லியம்பியர் தாராளம். வெளிச்சம் கூடினால் பொம்மை வீடு கடை முகப்புப் போல் ஆகிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்: பியூஸ் போட்டீர்களா? ஈய அமிலப் பற்றரியின் இரு முனைகளும் மெல்லிய வயரால் தொட்டுக்கொண்டால் வயர் பழுக்கச் சிவந்து ஒட்டுப்பலகையில் தீப்பிடிக்கும். 12 வோல்ற்று உடலைத் தாக்காது என்பதால் அது தீயையும் மூட்டாது என்று நினைக்காதீர்கள். நேர் முனைக்கு அருகிலேயே 1 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் மின்னேற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தொலைபேசி ஏற்றும் துளை இருந்தால் இன்னும் நல்லது. அது வெயிலிலும் இரவிலும் 5 வோல்ற்றையே தரும். ஒவ்வொரு எல்.ஈ.டிக்கும் 150 ஓம் தடையி ஒன்றை வைத்து, தொடராக அல்லாமல் பக்கம் பக்கமாக (சமாந்தரமாக) இணைத்தால் வேலை முடிந்தது.

முன்பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் வீட்டுக்கு எந்த மின்கலம் நல்லது?
– மல்லாவி

மூன்று ‘டபிள் ஏ’ மின்கலங்கள், திருகாணி போட்டு மூடும் பெட்டிக்குள். எல்.ஈ.டி ஒவ்வொன்றுக்கும் 150 ஓம். நான்கு விளக்குகள் நாற்பது மணி நேரமாவது எரியும். நாணயம் போன்ற வட்ட மின்கலம் அறவே வேண்டாம். பிள்ளை அதை விழுங்கி அது தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். சுவர் மின்சாரத்தின் 230 வோல்ற்று எந்த வடிவிலும் பிள்ளைகளின் வீட்டுக்குள் போகக் கூடாது.

ஐஸ்பழக் குச்சிகளை ஒட்டிப் பலகைத் தரை செய்தேன். காய்ந்ததும் மட்டையோடு வளைந்துவிட்டது.
– முருங்கன்

வெள்ளை மரப்பசையில் தண்ணீர் இருக்கிறது. ஈரம் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டதால் மட்டை வளைந்தது. பசையை மெல்லியதாகத் தடவுங்கள். மட்டையின் அடிப்பக்கத்திலும் ஒரு தாளை அதே பசையால் ஒட்டினால் இரு பக்க இழுவையும் சமமாகும். காயும்வரை மேலே பாரம் இருக்கட்டும்.

நம் பக்கத்துக் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோளகக் காற்றில் சுருங்கிக் கிடக்கும் மரம், கார்த்திகை, மார்கழி மழையில் குறுக்குவாட்டில் பருக்கும். வெயில் காலத்தில் தரை போடுகிறவர்கள் சுவரோரம் அரை மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். அடிச்சுவர்ச் சட்டம் அதை மறைத்துவிடும்.

தச்சுப் பட்டறையில் சீவுளி தள்ளும் முதிரைச் சீவல், தேக்குச் சீவலையும் பயன்படுத்திப் பாருங்கள். ஈரத்துணிக்கு அடியில் வைத்துச் சூடான அயன்பெட்டியால் அழுத்தினால் சுருள் நிமிர்ந்துவிடும். குச்சியை விட எவ்வளவோ அழகு. அந்த மரங்களின் உண்மையான நிறமே தரைக்குக் கிடைக்கும்.

வயருக்குப் பதிலாகச் செப்பு நாடாவை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினேன். மின்சாரம் போகவில்லை.
– செட்டிகுளம்

அதன் பசை பெரும்பாலும் மின்கடத்தாது. சந்திப்பில் ஒரு துளி பற்றாசு வையுங்கள். மூலைகளில் வெட்டாமல் மடித்துத் திருப்புங்கள்.

இடம்பெயர்வதற்கு முன் நாங்கள் இருந்த வீட்டைச் சிறிதாகச் செய்ய விரும்புகிறேன். விறாந்தையில் சிவப்புச் சீமெந்து, குசினியில் சாணம் மெழுகிய தரை. மேசையில் ஜாம் போத்தல் விளக்கு. முடியுமா?
– முள்ளியவளை

முடியும். இந்த வாரம் வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையதைத்தான்.

சிவப்புச் சீமெந்துக்கு வழுவழுப்பான மட்டை எடுங்கள். செங்காவி நிற வர்ணத்தை மூன்று தரம் மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 400 இலக்க அரத்தாளால் தேய்த்து, கடைசியில் மெழுகு போட்டுத் துணியால் துடையுங்கள். உங்கள் விறாந்தையில் கோடு இழுத்திருந்தால், மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் முதலிலேயே மட்டையில் அழுத்தி இழுத்துவிடுங்கள். நடுவில், ஆட்கள் நடந்த வழியில், மெழுகை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். அங்கேதான் அந்தத் தரைகள் மின்னும்.

சாணத் தரைக்கு உண்மைச் சாணம் வேண்டாம், மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். புற்றுமண்ணைத் துணியில் அரித்து, மரப்பசையும் நீரும் சேர்த்துக் குழைத்து, சிறிது பச்சை கலந்த பழுப்பு வர்ணம் விடுங்கள். காய்வதற்குள் தூரிகையால் அரைவட்டம் அரைவட்டமாக இழுங்கள். மெழுகும் கை விட்டுச்செல்லும் தடம் அது. சுவரோரத்திலிருந்து வாசல் நோக்கிப் பின்வாங்கி மெழுகுவார்கள், அதே ஒழுங்கில் இழுங்கள்.

விளக்குக்கு 6 மில்லிமீற்றர் அகலமான தெளிந்த உறிஞ்சுகுழாயில் 1 சென்ரிமீற்றர் வெட்டினால் ஜாம் போத்தலின் அளவு சரியாக வரும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க வன்னி எரித்த விளக்கு அது. அடியில் எண்ணெய் நனைந்த பஞ்சு, சுடர் கண்ணாடிக்குள்ளேயே. ஆகவே அடியில் ஒரு துளி பஞ்சை ஒட்டி, மேசையின் கால் வழியாக வயரை ஏற்றி, 3 மில்லிமீற்றர் மஞ்சள் நிற மினுங்கும் எல்.ஈ.டியைக் கீழிருந்து செருகுங்கள். கடையில் கிடைக்கும் போலி மெழுகுதிரிகளுக்குள் இந்த வகை இருக்கும். இரண்டு ‘டபிள் ஏ’ மின்கலங்களும் 68 ஓம் தடையியும் போதும்.

குசினியிலும் விறாந்தையிலும் வேறு விளக்கு வைக்காதீர்கள். மேசையின் கால் நிற்கும் இடத்தில் தரை மட்டையில் துளையிட மறக்க வேண்டாம், வயர் அதனூடாகத்தான் வர வேண்டும்.