வக்கீல் ஃபீஸை வரியில் கழிக்க முடியுமா?

வணக்கம். 7 வயது மகனுக்கு வரவேண்டிய பராமரிப்புத் தொகைக்காக முன்னாள் கணவர்மேல் வழக்குப் போட்டேன். சென்ற ஆண்டு வக்கீலுக்கு 6,800 சிங்கப்பூர் வெள்ளி ஆனது. என் சம்பளம் மாதம் 4,500. பகலில் மகனை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். வக்கீல் செலவை வரியில் கழிக்கலாம் என்கிறார் கனடாவிலுள்ள அக்கா. ‘வேலைச் செலவு’ பகுதியில் போடலாமா?
— ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

போடாதீர்கள். அக்கா சொல்வது கனடாவுக்குச் சரி. அங்கே பிள்ளைக்கான தொகையைக் கேட்டு வழக்காடுபவர் வக்கீல் செலவைக் கழித்துக்கொள்ளலாம்; கொடுக்கவேண்டியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சிங்கப்பூரில், வருமானம் ஈட்டுவதற்கென்றே செய்த செலவுதான் கழியும். பிள்ளையின் பராமரிப்புத் தொகைக்கு உங்களுக்கு வரியே இல்லை. அதனால் அதைக் கேட்டு வாங்க ஆன செலவும் சொந்தச் செலவாகவே நிற்கிறது. பிள்ளையின் சோற்றுப் பணத்துக்காகக் கோர்ட்டுக்கு அலையும் தாய்க்கு இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் சட்டம் அதுதான். தவறாகக் கழித்தால், குறைத்துக் கட்டிய வரியைப்போல் இருமடங்குவரை அபராதம் வரலாம்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 54,000. மத்திய சேமநிதிக்கு 10,800, சம்பாத்தியக் கழிவு 1,000 போக மீதி 42,200; அதற்கு வரி 704 வெள்ளி. வக்கீல் செலவை அனுமதித்திருந்தாலும் வரியில் மிச்சமாகியிருப்பது 315 வெள்ளிதான்.

அதைவிடப் பெரியது உங்கள் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. மகன் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், விவாகரத்தான தாயும் ‘வொர்க்கிங் மதர்ஸ் சைல்டு ரிலீஃப்’ (வேலைக்குப் போகும் தாய்க்கான வரிக் கழிவு) கேட்கலாம். 2024க்கு முன் பிறந்த முதல் பிள்ளைக்குச் சம்பளத்தில் 15%, அதாவது 8,100. அம்மா வேலைக்குப் போகாதவர் என்றால், அவர் பேரனைப் பார்த்துக்கொள்வதற்கு 3,000. உடன்பிறந்தவர் யாரும் அம்மாவைக் காட்டி அதே கழிவை வாங்கியிருக்கக்கூடாது. பிறகு பிள்ளைக் கழிவு 4,000. பலரும் இடறுவது இதில்தான்: தாயும் தகப்பனும் ஆளுக்கு முழுத்தொகை போட்டுவிடுகிறார்கள். இருவருக்கும் சேர்த்துத்தான் 4,000. யாருக்கு எவ்வளவு என்பதை முன்னாள் கணவரோடு எழுத்தில், குறுஞ்செய்தியிலாவது, முடிவுசெய்துகொள்ளுங்கள். இந்த மூன்று கழிவும் கிடைத்து, பிள்ளைக் கழிவு முழுதும் உங்களுக்கே என்றால் வரி 704இலிருந்து 142 வெள்ளியாக இறங்கும். ஏப்ரல் 18க்குள் இணையத்தில் தாக்கல் செய்யுங்கள். வரித்துறை அனுப்பும் வரி மதிப்பீட்டில் ஏதும் விடுபட்டிருந்தால், அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லவேண்டும்.

வக்கீல் செலவைக் கேட்கவேண்டிய இடம் கோர்ட்தான். வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், எதிர்த்தரப்பு உங்கள் செலவைத் தரும்படி உத்தரவு கேட்க வக்கீலிடம் சொல்லுங்கள். உத்தரவு வந்த பிறகும் அவர் பாக்கி வைத்தால் மறுபடி வக்கீலிடம் ஓடவேண்டாம். 2025 ஜனவரி 16 முதல் நடப்பிலுள்ள அமலாக்க முறையில், குடும்ப நீதிமன்றத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இரு தரப்பு வருமானத்தையும் சொத்தையும் விசாரிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கறிக்கையில் பணம் வராத மாதங்களையும், குறைவாக வந்த தொகைகளையும் தேதிவாரியாகக் குறித்து எடுத்துப்போங்கள்.