மாதச் சந்தா கேட்கும் ஃபிட்னஸ் டிராக்கர் விளையாட்டு வீரர்களுக்குத் தேவையா?

சந்தா டிராக்கர் என்பது கையிலோ விரலிலோ மாட்டும் கருவி. முழு அறிக்கையையும் பார்க்க மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஔரா மோதிரம் இப்படித்தான். செட்டாப் பாக்ஸ் மாதிரி: பெட்டி வீட்டில் இருக்கும், ரீசார்ஜ் தீர்ந்தால் படம் வராது.

தூக்கத்தில் நாடித் துடிப்புகளுக்கு இடையே உள்ள நேர வித்தியாசத்தைப் பார்த்து, உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று டிராக்கர் மதிப்பிடும். குலசேகரம் பக்கம் ரப்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டுவது எதற்கு? மரத்துக்குப் பால் ஊற நேரம் வேண்டும். தசையும் அப்படியே.

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் விடிகாலையில் ஓடும் பிள்ளைகளுக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். கண் விழித்ததும், பாயிலிருந்து எழும்பும் முன், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி நாடியை எண்ணுங்கள். இரண்டால் பெருக்கி நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வழக்கத்தைவிடக் கூடினால் பயிற்சியைக் குறையுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஷூவும் முட்டையும் ஏத்தம்பழமும் வாங்கலாம். அறிக்கையைத் தினமும் பார்த்துப் பயிற்சியை மாற்றும் கோச் இருந்தால் மட்டும் சந்தா சரி.

சந்தா கட்டினால் அளவு துல்லியமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் போவது அளவுகளைக் கணக்கிடுவதற்கும் அறிக்கைக்கும்தான், சென்சார் அதே சென்சார்தான்.