வாசலில் நிற்கும் வண்டிக்கும் வாடகை உண்டு

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 59. மகள் குடும்பம் ஆக்லாந்தில் இருக்கிறது. வரும் ஏப்ரல், மே மாதங்களில் 45 நாள் நியூசிலாந்து போகிறோம். ஒரு மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை உள்ள வண்டி) எடுத்து இரண்டு தீவுகளையும் சுற்றிவிட்டு, நடுவில் 12 நாள் வண்டியை மகள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் என்று திட்டம். நாள் வாடகை 160 டாலர் என்று பார்த்தேன். ஹோட்டல் செலவு கிடையாது, சமையலும் நாமே. விமான டிக்கெட் போக ஐந்து லட்சத்துக்குள் முடித்துவிடலாம் அல்லவா? மனைவி குக்கரும் காபி ஃபில்டரும் கொண்டுவரலாமா என்று கேட்கிறாள்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முடியாது. இதே திட்டத்தை அப்படியே வைத்தால் ஏழே கால் லட்சம் வரும். ஆனால் ஐந்து லட்சத்துக்குள் இதைவிட நல்ல பயணம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். நானும் என் கணவரும் 23 நாள் இப்படிச் சுற்றியவர்கள்தான். கையைச் சுட்டுக்கொண்டதால் கணக்கு நன்றாக மனப்பாடம்.

ஒரு நியூசிலாந்து டாலரை 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், பெருக்கச் சுலபம். உங்கள் 160 டாலரை 45 நாளால் பெருக்கினால் 7,200 டாலர், அதாவது 3,60,000 ரூபாய். நீங்கள் போட்ட கணக்கு இங்கேயே நின்றுவிட்டது. உண்மையான செலவு இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

முதலில் காப்பீடு. அந்த 160 டாலரில் அடிப்படைக் காப்பீடு மட்டும்தான் அடங்கியிருக்கும். அதன்படி வண்டிக்கு ஏதாவது ஆனால் 5,000 முதல் 7,500 டாலர் வரையிலான செலவு உங்கள் பொறுப்பு. அந்தத் தொகையை வண்டி எடுக்கும்போதே உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். 7,500 டாலர் என்றால் மூன்றே முக்கால் லட்சம். உங்கள் கார்டுக்கு அவ்வளவு லிமிட் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சில இடங்களில் வெறுமனே பிடித்து வைக்காமல், பணத்தையே எடுத்துவிட்டு வண்டி திரும்பியதும் திருப்பித் தருவார்கள். நம் வங்கிகள் பல அந்நியச் செலாவணிக்கு மூன்றரை சதவீதம் வரை கூடுதலாக எடுக்கின்றன. டாலர் திரும்பி வரும், அந்த மூன்றரை சதவீதம் வராது. பதிமூன்றாயிரம் ரூபாய் ஒன்றுமில்லாததற்குப் போய்ச் சேரும். செலாவணிக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

இந்தப் பொறுப்பைச் சுழியமாக்கும் முழுக் காப்பீடும் உண்டு. நாளுக்கு 45 டாலர் என்று நான் போட்டிருக்கிறேன். உங்கள் வயதில், பழக்கமில்லாத ஏழு மீட்டர் வண்டியில், இதை எடுக்கத்தான் வேண்டும் என்பேன். எடுத்தாலும் எதெல்லாம் அதில் சேராது என்ற பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். வண்டியின் கூரை, அடிப்பகுதி, தண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றுவது (சிரிக்காதீர்கள், இரண்டு மூடியும் ஒரே பக்கம் இருக்கும்), நைன்ட்டி மைல் பீச் மணலில் ஓட்டுவது, குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலையில் ஏறுவது, இதெல்லாம் பெரும்பாலும் வெளியே இருக்கும்.

எங்கள் சூடு இங்கேதான். ஒரு ஏரிக்கரை முகாமில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது என் கணவர் தரையைப் பார்த்தார், நான் இரண்டு பக்கமும் பார்த்தேன், மேலே யாருமே பார்க்கவில்லை. கர்ரென்று ஒரு சத்தம். கிளை ஒன்று கூரையோரம் இருக்கும் பக்கவாட்டுப் பந்தலின் பெட்டியைக் கீறியிருந்தது, ஒரு முழ நீளம் இருக்கும். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அங்கிருந்த பையன் நேராக ஏணியைத்தான் போட்டான். 1,150 டாலர் பிடித்துக்கொண்டார்கள். முழுக் காப்பீடு எடுத்திருந்தோம். கூரை அதில் இல்லை. அன்றிலிருந்து நான் இறங்கி, வண்டிக்குப் பின்னால் நின்று, அண்ணாந்து பார்த்த பிறகுதான் அவர் ரிவர்ஸ் எடுப்பார்.

அடுத்தது, நம்மூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கும் ஒரு வரி. நியூசிலாந்தில் பெட்ரோல் விலையில் சாலை வரி சேர்ந்திருக்கும், டீசலில் சேராது. அதனால் டீசல் வண்டி ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியாகக் கட்ட வேண்டும். இலகுரக வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். வாடகை நிறுவனங்கள் இதற்கு மேல் கொஞ்சம் வைத்து, வண்டியைத் திருப்பித் தரும்போது ஓடோமீட்டரைப் பார்த்து வாங்கிக்கொள்ளும். பம்ப்பில் டீசல் மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 4,500 கிலோமீட்டர் ஓடினால் இந்த வரி ஏறக்குறைய 350 டாலர். நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர், லிட்டர் 2 டாலர் என்று போட்டால் டீசல் 1,170 டாலர்.

வட தீவிலிருந்து தென் தீவுக்கு வெலிங்டன்–பிக்டன் கப்பலில்தான் வண்டியை ஏற்ற முடியும். 92 கிலோமீட்டர் கடல், மூன்றரை மணி நேரம். கட்டணம் வண்டியின் நீளத்துக்கு. போக 400, வர 400 என்று வையுங்கள்.

இரவு தங்குவதற்கும் காசு உண்டு. எங்கே வேண்டுமானாலும் ஓரங்கட்டித் தூங்கலாம் என்று நினைத்துத்தான் பலர் போகிறார்கள். அது பழைய கதை. 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். உள்ளே நிரந்தரமாகப் பொருத்திய கழிவறை இருந்து, பச்சை ஸ்டிக்கர் பெற்ற வண்டிதான் இலவச இடங்கள் பலவற்றில் நிற்கலாம், அதுவும் அந்தந்த ஊர் கவுன்சில் அனுமதித்த இடத்தில் மட்டும். மீறினால் அபராதம் 400 டாலரில் தொடங்கும். மின் இணைப்பு, குளியலறை, பொதுச் சமையலறை எல்லாம் உள்ள ஹாலிடே பார்க் என்றால் இருவருக்கு இரவுக்கு 55, 60 டாலர். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள் அதைவிட மலிவு, சில இலவசம். மவுண்ட் குக் அடிவாரத்தில் இருக்கும் ஒயிட் ஹார்ஸ் ஹில் அந்தத் துறையின் கட்டண முகாம்களில் ஒன்று. மின்சாரம் கிடையாது, வெந்நீர் கிடையாது. காலையில் திரையை விலக்கினால் பனிமலை உங்கள் தலைமாட்டில் நிற்கும். இரண்டு நாள் அங்கே, ஒரு நாள் ஹாலிடே பார்க்கில் துணி துவைத்து பேட்டரி ஏற்றிக்கொள்வது என்று மாற்றி மாற்றிப் போனால் சராசரி 50 டாலரில் நிற்கும். கழிவறையின் அடிப்பெட்டியை நாமே இழுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். முதல் நாள் யார் செய்வது என்பதில் எங்களுக்குள் சின்ன சண்டை வந்தது. மூன்றாம் நாள் பல் துலக்குவது போல் ஆகிவிட்டது.

சரி, கூட்டிவிடலாம். வாடகை 7,200, காப்பீடு 2,025, முப்பத்து மூன்று இரவுக்கு 1,650, டீசல் 1,170, வரி 350, கப்பல் 800, மளிகை நாளுக்கு 40 என்று 1,320. மொத்தம் 14,515 டாலர். ஏழே கால் லட்சம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இதில் எனக்கு மனசே ஆறாதது அந்த 12 நாள். மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் வண்டி சும்மா நிற்கும். வாடகையும் காப்பீடும் சேர்த்து நாளுக்கு 205 டாலர்; பன்னிரண்டு நாளுக்கு 1,23,000 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்குத்தான் காசு. அதனால் மெதுவாகப் போனால் மிச்சம் என்பதும் இதில் செல்லாது. டீசல் கொஞ்சம் குறையும், வாடகை ஏறும்.

ஹோட்டல் செலவு மிச்சம் என்றீர்கள். இரண்டே பேருக்கு அதுவும் சரியாக வராது. அங்கே மோட்டல் அறைகள் பலவற்றில் அடுப்பும் பாத்திரமும் இருக்கும். சிறிய கார் காப்பீட்டோடு 80, பெட்ரோல் 25, மோட்டல் 170 என்று 275 டாலரில் ஒரு நாள் முடியும். மோட்டார்ஹோமில் வாடகை, காப்பீடு, தங்குமிடம், டீசல், வரி எல்லாம் சேர்ந்தால் 300 வரும். நான்கைந்து பேர் ஒரே வண்டியில் போனால்தான் கணக்கு மாறும். ஏப்ரலில் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் பள்ளி விடுமுறை வரும். மகளும் மருமகனும் லீவு போட்டு வருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், காசு மிச்சமாகும் என்பதற்காக மோட்டார்ஹோம் எடுக்காதீர்கள். ஏரிக்கரையில் கண்விழிக்க வேண்டும், கையால் போட்ட காபியைக் கரையில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்றால் எடுங்கள். நாங்கள் அதற்குத்தான் எடுத்தோம், இன்னொரு முறையும் எடுப்போம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஆக்லாந்தில் வண்டியே வேண்டாம். மகள் வீட்டில் ஆசை தீர இருங்கள், வட தீவை அவர்கள் காரில் சனி ஞாயிறுகளில் பாருங்கள். கிறைஸ்ட்சர்ச்சுக்கு விமானத்தில் போய், அங்கே 21 நாளுக்கு வண்டி எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் வரும். டேகபோ ஏரி, மவுண்ட் குக், வானகா, குயின்ஸ்டவுன், தே அனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட் போய்விட்டு, ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரை ஏறி ஆர்தர்ஸ் பாஸ் வழியே திரும்பலாம். அங்குமிங்கும் விலகிப் போனாலும் 2,500 கிலோமீட்டர் போதும். தென் தீவில் சுங்கச் சாலையே கிடையாது. வாடகை 3,360, காப்பீடு 945, தங்க 1,000, டீசல் 650, வரி 190, மளிகை 840, விமானம் இருவருக்கும் போக வர 500. மொத்தம் ஏறக்குறைய 7,500 டாலர், மூன்றே முக்கால் லட்சம். மீதி ஒன்றேகால் லட்சத்தில் மில்ஃபோர்டில் படகுச் சவாரி போகலாம், கையிலும் நிற்கும்.

ஏப்ரல் முதல் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். இலையெல்லாம் மஞ்சளாகி வானகா பக்கம் கொள்ளை அழகாக இருக்கும். மே நடுவில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அப்புறம் நீண்ட இரவு முழுக்க அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டி எடுக்கும் நாளும் கொடுக்கும் நாளும் முழு நாளாகத்தான் கணக்கு, ஆகவே காலையிலேயே எடுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். நம்மூர் போலவே இடப்பக்கம்தான். அங்கே சாதாரண கார் லைசென்ஸிலேயே 6,000 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம்; ஆங்கிலத்திலும் அச்சிட்ட நம் லைசென்ஸ் செல்லும். பாலைவனக் காற்று போல, டேகபோ ஏரி இருக்கும் மெக்கன்சி பகுதியில் காற்று அடிக்கும், கதவைத் திறக்கும்போது கையை விடாதீர்கள். விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டவருக்கும் அரசின் விபத்து ஈட்டுத் திட்டம் சிகிச்சைக்கு உதவும். ஆனால் நெஞ்சுவலி, சர்க்கரை போன்ற நோய்க்கு அது கிடையாது. பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதி எடுங்கள். விசாவோடு கட்டும் சுற்றுலா வரி 2024 அக்டோபரில் 35 டாலரிலிருந்து 100 டாலராகிவிட்டது, தலைக்கு. அதை விசாச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: ஃபில்டர் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். காபிப்பொடி, சாம்பார்பொடி, ஊறுகாய், அப்பளம் எது பெட்டியில் இருந்தாலும் நுழைவுப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிட வேண்டும். எழுதாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். தேனும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். குக்கரை மகள் வீட்டிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம், மூன்று லிட்டர் போதும். வண்டிக்குள் கடுகு தாளிக்கும்போது மட்டும் முதலில் கூரை ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லுங்கள். நான் மறந்த அன்று புகை அலாரம் அலறிய அலறலில் பக்கத்து வண்டி ஜெர்மானியத் தம்பதி தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தக்காளி ரசம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.