நள்ளிரவுக்குப் பின் தொடங்கிய வாந்தி

மெல்பர்னில் வசிக்கும் வாசகர் ஒருவரின் தாயார், ஊரிலிருந்து வந்த இடத்தில், பூங்கா ஓக் மரத்தடியில் பறித்த காளானை மதியம் குழம்பு வைத்து உண்டிருக்கிறார். நள்ளிரவுக்குப் பின் வாந்தியும் பேதியும் கண்டு, கைவசமிருந்த மாத்திரையில் மறுநாள் தெளிந்துவிட்டாராம். பூங்காவில் கீரை பறித்தால் மண்ணிலுள்ள ஈயமும் நாய்ச் சிறுநீரும் கெடுதலா, மணத்தக்காளியை உண்ணலாமா எனக் கேள்விகள் நீள்கின்றன.

பதில்: மூன்று வாரம் கழித்தும் அவர் நன்றாக உண்டு உறங்குகிறார், கண்ணில் மஞ்சள் இல்லை என்கிறீர்கள். ஆகவே, நீங்கள் கேட்கத் தயங்கியதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அந்தக் காளானால் இனி அவருடைய கல்லீரல் செயலிழக்க வாய்ப்பில்லை. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது போதும்.

ஆனால் அன்றிரவே நீங்கள் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். உண்ட ஓரிரு மணி நேரத்தில் வாந்தி வரவைக்கும் காளான்கள் பெரும்பாலும் குடலைப் புரட்டுவதோடு விட்டுவிடும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்திதான் அஞ்சத்தக்கது. ஓக் மரத்தடியில் முளைக்கும் ‘டெத் கேப்’ என்ற கொடிய நச்சுக் காளான், இளம்பருவத்தில் நம் வைக்கோல் காளானைப் போலவே முட்டை வடிவ உறையைப் பிளந்துகொண்டு வருவதால், காளான் தெரிந்தவர்களே அதில் ஏமாறுகிறார்கள். 2012 புத்தாண்டையொட்டிக் கான்பெராவில் இருவர் இறந்தது இதனால்தான். இதிலுள்ள அமடாக்சின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் அழியாது. குழம்பில் போட்ட வெள்ளிக் காசு கறுக்கவில்லை என்று நீங்கள் தரும் சான்றுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

இந்த நஞ்சில் வாந்தியும் பேதியும் ஒரு நாளில் அடங்கி, நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். வீட்டார் நிம்மதி அடையும் அந்த இடைவேளையில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் காமாலையும் மயக்கமும் வரும்போது, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். பேதியை நிறுத்த ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு இணையத்தில் தேடிக்கொண்டிருப்பது வைத்தியமாகாது. காட்டுக் காளான் உண்டது தெரிந்தால், நோய் தெரியும்வரை காத்திராமல் ஆஸ்திரேலிய நச்சுத் தகவல் மையத்தை 13 11 26 என்ற எண்ணில் அழையுங்கள். அது இரவிலும் இயங்குகிறது. வாந்தி தொடங்கிவிட்டால், மிச்சமிருக்கும் காளானுடன் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நாய்ச் சிறுநீர் கழுவினால் போய்விடும். சாலையோரத்திலும் களைக்கொல்லி தெளித்த இடத்திலும் கீரை பறிக்காதிருந்தால், ஈயத்தைப் பற்றி இவ்வளவு கவலை தேவையில்லை. மணத்தக்காளியைத் தாயார் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறார் என்றால், கீரையை நன்றாக வேகவைத்தும் நன்கு பழுத்த பழத்தையும் உண்ணலாம். பச்சைக் காய் கூடாது.

வெயிலில் உலர்த்தி டப்பாவில் வைத்திருப்பதாக எழுதியுள்ள மீதிக் காளானை இன்றே குப்பையில் கொட்டிவிடுங்கள்.