மைனஸ் 2.5 பவர் பயிற்சியால் குறையுமா?

மூன்று மாதமாகக் கண் பயிற்சி, தினமும் கேரட் சாறு, கண்ணாடியும் போடுவதில்லை. ஆனாலும் பவர் குறையவில்லை, சாயங்காலமானால் தலைவலி என்று எழுதியிருந்தீர்கள். முதலில் கண்ணாடியைத் திரும்பப் போடுங்கள். கழற்றி வைத்தால் பவர் குறையும் என்பது தவறான நம்பிக்கை. உங்கள் தலைவலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மைனஸ் பவர் என்றால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். இதில் பெரும்பாலும் கண்விழி முன்பின்னாகச் சற்று நீண்டுவிடுகிறது. அதனால் பிம்பம் கண்ணின் பின்பக்கத் திரையான விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலே ஏறக்குறைய 2.5 பவர் வந்துவிடும். கண்ணை உருட்டுவதாலோ உள்ளங்கையால் மூடுவதாலோ அந்த நீளம் குறையாது. சிலருக்குப் பார்வை தெளிந்தது போலத் தோன்றுவது உண்மைதான். இறுகிப்போயிருந்த, பார்வையைக் குவிக்கும் தசை தளர்ந்திருக்கும், அல்லது மங்கலான எழுத்தை ஊகித்துப் படிக்க மூளை பழகியிருக்கும்.

கேரட் நல்ல உணவு, சாப்பிடுங்கள். வைட்டமின் ஏ குறைபாட்டால் வரும் மாலைக்கண்ணுக்கு அது உதவும், கிட்டப்பார்வைக்கு உதவாது.

அதற்காகப் பயிற்சியே வீண் என்று சொல்ல மாட்டேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள், அடிக்கடி இமையுங்கள். பவர் மாறாது, ஆனால் களைப்பு குறையும். அப்புறம், கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ திடீரெனப் பல கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் அபாயம் சற்று அதிகம்.