பாத மருத்துவம்: பயிற்சி இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: அமெரிக்காவில் பாத மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள், அடுத்த ஆண்டு பல மருத்துவமனைகளில் மாதக்கணக்கில், மாணவர்களுக்கான நேரடிப் பயிற்சியான கிளெர்க்‌ஷிப் செய்ய வேண்டுமாம். பெயர்பெற்ற இடங்களுக்கே விண்ணப்பிக்கலாமா? – வாசகர், மன்னார்குடி.

பதில்: பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். நான்காண்டுப் படிப்புக்குப் பின்வரும் 3 ஆண்டு ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் பணியாற்றியபடி பெறும் பயிற்சிக்கு) ஆள் எடுக்கும்போது, தங்களிடம் ஒரு மாதம் வேலை செய்து காட்டிய மாணவரையே பல மருத்துவமனைகள் விரும்புகின்றன. ஆகவே ரெசிடென்சியில் சேர விரும்பும் இடங்களிலேயே கிளெர்க்‌ஷிப் கேட்பது நல்லது. இந்தியக் குடியுரிமை உள்ளவரென்றால், விசாவுக்கு அந்த மருத்துவமனை பொறுப்பேற்குமா என்பதை முதலிலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும். பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். விடியுமுன் வார்டுக்குச் சென்று, சர்க்கரை நோயாளியின் கால்கட்டைப் பிரித்து, புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து குறித்துவைத்து, மூத்த மருத்துவர் கேட்டதும் தடுமாறாமல் சொல்லும் மாணவியை எவரும் மறக்கமாட்டார்கள். (சேற்றில் வெறுங்காலோடு நடவு நட்டு, முள் தைத்ததே தெரியாமல் புண்ணோடு வருவோரை நம் டெல்டாவில் பார்த்து வளர்ந்தவருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.) ரெசிடென்சிக்கான நேர்காணல்கள் வழக்கமாக ஜனவரியில் நடைபெறும், மாணவர், மருத்துவமனை என இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பொருத்திப் பார்த்து, மார்ச்சில் முடிவை வெளியிடுவார்கள்.